குழந்தைகளுக்கு வரும் தொண்டைத் தொற்று: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும், அப்புறம் ஐப்பசி மழை பிடித்ததும், குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் வரிசை நீளும். தொண்டை வலி அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த வரிசையில் காத்திருக்கும் அம்மா அப்பாக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்தான் இங்கே இருப்பவை. பெரும்பாலான தொண்டைத் தொற்று தனி மருந்தே இல்லாமல் ஒரு வாரத்தில் போய்விடும். போகாத சிலவற்றை அடையாளம் கண்டுகொள்வதுதான் வேலை.

தொண்டை வலி என்றாலே தொற்றுதானா?

இல்லை. மூக்கடைத்து இரவெல்லாம் வாயைத் திறந்து தூங்கிய பிள்ளை காலையில் தொண்டை வலிக்கிறது என்று சொல்லும். பல் தேய்த்து வெந்நீர் குடித்ததும் சரியாகிவிடும். விளையாட்டு விழாவில் கத்திவிட்டு வந்த பிள்ளைக்கும் தொண்டை கட்டும். ஒவ்வாமை, சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள் எல்லாமே தொண்டையை உறுத்தும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, சாப்பாட்டை மறுப்பது, கழுத்தில் நெறி கட்டுவது ஆகியவற்றில் ஏதாவது கூடச் சேர்ந்தால் தொற்று என்று யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று எச்சில் ஒழுகவிட்டு, எதையும் விழுங்க மாட்டேன் என்கிறதா? எதையோ விழுங்கியிருக்கலாம். மீன் முள், காசு, அல்லது ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரி. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தொண்டைத் தொற்றில் எத்தனை வகை?

கிருமியை வைத்துப் பார்த்தால் முக்கியமாக இரண்டு. வைரஸ் தொற்றுதான் மிக அதிகம். சாதாரண சளி வைரஸ்கள், அடினோ வைரஸ், ஃப்ளூ, கோவிட், வாயில் கொப்புளம் போடும் காக்சாக்கி வைரஸ்கள் எல்லாம் இந்தக் கூட்டம். அடுத்தது பாக்டீரியா. இதில் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் முதன்மையானது; டாக்டர்கள் சுருக்கமாக ‘ஸ்ட்ரெப்’ என்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளின் தொண்டை வலியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதனால் வருகிறது. 5 முதல் 15 வயது வரைதான் இதற்குப் பிடித்த காலம். மூன்று வயதுக்குக் கீழே அபூர்வம். கைக்குழந்தைகளுக்கு நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் பால் படிந்தது போல வரும் பூஞ்சைத் தொற்றும் உண்டு, துடைத்தால் போகாது.

தொற்று எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்தும் பெயர் மாறும். தொண்டையின் பின்சுவர் சிவந்திருந்தால் தொண்டை அழற்சி. இரண்டு பக்கமும் உள்ள டான்சில் வீங்கினால் டான்சில் அழற்சி. குரல்வளை வீங்கினால் குரல் கம்மும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இவை ஒன்றோடொன்று கலந்தேதான் வரும். சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, எந்தக் கிருமி என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்யும்.

வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாக முடியாது. நல்ல அனுபவமுள்ள டாக்டரே வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டார். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்க முடியும்.

வைரஸ் கூட்டத்தோடு வரும். மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், தும்மல் இருக்கும், குரல் கரகரக்கும், கண் சிவந்து நீர் வடியும், சில நேரம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் இன்னொருவருக்கும் சளி பிடித்திருக்கும். முதல் நாள் லேசான கரகரப்பு, மறுநாள் காய்ச்சல், அதற்கடுத்த நாள் மூக்கடைப்பு என்று படிப்படியாக ஏறும்.

ஸ்ட்ரெப் திடீரென்று வரும். காலையில் பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் 102 டிகிரி காய்ச்சலோடு வந்து படுத்துவிடும். எச்சில் விழுங்கவே முகம் சுளிக்கும். தலைவலி இருக்கும். தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் வலிக்கும். மேலண்ணத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். இருமல் இருக்காது, மூக்கு ஒழுகாது.

என்னைக் கேட்டால், பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். இருமலும் மூக்கொழுகலும் இல்லாத தொண்டை வலி, கூடவே நல்ல காய்ச்சல், பிள்ளைக்கு ஐந்து வயதுக்கு மேல் என்றால், டாக்டர் ஒரு முறை தொண்டையைப் பார்த்தே ஆக வேண்டும்.

தொண்டையில் வெள்ளையாகச் சீழ் தெரிகிறது. அப்படியென்றால் பாக்டீரியாதானே?

அப்படி இல்லை. அடினோ வைரஸும், எப்ஸ்டீன் பார் என்ற வைரஸும் டான்சில் மேல் இதே மாதிரி வெள்ளைப் படலம் போடும். எப்ஸ்டீன் பார் வைரஸில் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும், கழுத்தின் பின்பக்கமும் நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும். இது தெரியாமல் அமாக்ஸிசிலின் என்ற பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, பென்சிலின் அலர்ஜி’ என்று அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் முத்திரை விழுந்துவிடுவதும் உண்டு. மண்ணீரல் வீங்கியிருக்கும் வாரங்களில் கபடி, கால்பந்து போன்ற இடிபடும் விளையாட்டு வேண்டாம்.

வேறொன்றும் உண்டு. டான்சிலின் குழிகளில் உணவுத் துணுக்கும் செத்த செல்களும் சேர்ந்து அரிசி அளவில் வெள்ளைக் கட்டி உருவாகும். வாய் நாறும், அவ்வளவுதான், காய்ச்சல் இருக்காது. இது தொற்று இல்லை.

வீட்டில் தொண்டையைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ‘ஆ’ என்று நீளமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கை ஸ்பூனால் அழுத்தத் தேவையில்லை. நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரண்டு பக்கமும் வளைவுக்குள் தெரியும் சதைகள்தான் டான்சில். ஒன்று மட்டும் பெரிதாக வீங்கி உள்நாக்கை மறுபக்கம் தள்ளியிருந்தால், டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தைக்குத் தொண்டை வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பால் குடிக்க ஆசையாக வந்து, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வீறிட்டு அழுதால் அது பெரிய துப்பு. எச்சில் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகும், இரவில் அடிக்கடி விழிக்கும், குரல் மாறியிருக்கும். காதை இழுத்துக்கொண்டு அழுவதும் உண்டு. தொண்டை வலி காதுக்குப் பரவும். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், காரணம் என்னவாக இருந்தாலும் சரி, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

வயிற்று வலி, வாந்தி என்று போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தாரே, ஏன்?

குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப் வந்தால் வயிற்று வலியும் வாந்தியும் சகஜம். சில பிள்ளைகள் தொண்டையைப் பற்றி வாயே திறக்காமல் வயிற்றைத்தான் காட்டும். ‘நேற்று சாப்பிட்டது சேரவில்லை’ என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது தொண்டைத் தொற்றுதான்.

இதே கிருமி சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு போடும். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மாநிறத்துப் பிள்ளைகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் தடவிப் பார்ப்பதே நல்லது. நாக்கு சிவந்து பொடிப் பொடியாகத் தடித்திருக்கும். ஸ்கார்லெட் காய்ச்சல் என்று இதற்குப் பெயர், சிகிச்சை அதேதான். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி வைத்துவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.

வாய்க்குள் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. இது என்ன வகை?

கொப்புளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாயின் பின்பகுதியில், உள்நாக்கைச் சுற்றி மட்டும் சின்னப் புண்கள் என்றால் அது காக்சாக்கி வைரஸின் வேலை. அதோடு உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் என்று பரவியிருந்தால் கை கால் வாய் நோய். 2022-ல் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் இந்த வகைதான் என்று பின்னர் தெரிந்தது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, உதடு, நாக்கு எல்லாம் புண்ணாகி, குழந்தை வாயையே மூடிக்கொண்டால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். தொடக்கத்திலேயே காட்டினால் இதற்கு மருந்து உண்டு.

இந்தக் கொப்புள வகைகளுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இவற்றில் பயப்பட வேண்டியது நீர்ச்சத்து குறைவதற்குத்தான். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் விலக்கி, குளிர்ந்த பால், உப்புக் குறைத்த மோர், ஆறிய கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

கழுத்து வீங்கியிருக்கிறது. நெறி கட்டியதா, பொன்னுக்கு வீங்கியா?

நெறி என்றால் தாடைக்குக் கீழே உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். பொன்னுக்கு வீங்கியில் காதுமடலுக்குக் கீழேயும் முன்னாலும் கன்னம் வீங்கி, தாடை எலும்பின் விளிம்பே தெரியாமல் போகும். காதுமடல் சற்று வெளியே தள்ளி நிற்கும். மெல்லும்போதும் புளிப்பு பட்டாலும் வலி கூடும். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. தனியாரிடம் எம்.எம்.ஆர். ஊசி போட்டால்தான் அந்தப் பாதுகாப்பு. 2024-ல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது நிறையப் பிள்ளைகளுக்கு வந்தது நினைவிருக்கும்.

நள்ளிரவில் நாய் குரைப்பது மாதிரி இருமுகிறான். அது என்ன?

குரல்வளை வீக்கம்; டாக்டர்கள் ‘குரூப்’ (croup) என்பார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம். பகலில் சாதாரணச் சளியாக இருந்தது நடுராத்திரியில் இப்படி மாறும். முதலில் குழந்தையை அழவிடாமல் தோளில் போட்டு நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும். சும்மா இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் ‘கீச்’ என்று சத்தம் வந்தாலோ, விலா எலும்புக்கு இடையே சதை உள்வாங்கினாலோ உடனே கிளம்புங்கள். ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்திலேயே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து மறுக்க வேண்டாம்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இந்தக் காலத்திலும் இருக்கிறதா?

இருக்கிறது. 2016-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பரவியது, தடுப்பூசியைத் தவறவிட்ட இடங்களில் இது எவ்வளவு எளிதாகத் திரும்பி வரும் என்பதைக் காட்டியது. டான்சில் மேல் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படலம் படியும். சுரண்டினால் ரத்தம் வரும். கழுத்து இரண்டு பக்கமும் புடைத்துப் பருத்துவிடும். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை துவண்டு கிடக்கும். கிருமியின் நச்சு இதயத்தையும் நரம்பையும் தாக்கும் என்பதால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, நச்சுமுறி மருந்தும் வேண்டும்.

பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இதற்கான தடுப்பு இருக்கிறது. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 முதல் 6 வயதில் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸோடு இதற்கும் சேர்த்துத் தடுப்பு தரும் டி.டி. (Td) ஊசி. முதல் மூன்றை யாரும் மறப்பதில்லை. ஐந்து வயது ஊசியும் பத்து வயது ஊசியும்தான் விட்டுப்போகின்றன. தடுப்பூசி அட்டையை எடுத்து ஒரு முறை பாருங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிடுவது, மூச்சு இழுக்கும்போது சத்தம், முன்னால் குனிந்து கைகளை ஊன்றி உட்கார்ந்தே மூச்சு விடுவது, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைத்துக்கொள்வது, குரல் அமுங்கிக் குழறுவது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இப்படிப்பட்ட குழந்தையின் வாயைத் திறந்து ஸ்பூன் வைத்துப் பார்க்கக் கூடாது, பலவந்தமாகப் படுக்க வைக்கவும் கூடாது, மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளக்கூடும்.

அவசரம் இல்லை, ஆனால் காட்ட வேண்டும் என்பவை: காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடிப்பது, உடம்பில் சிவந்த தடிப்பு, கழுத்தில் வலியோடு நெறி, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப அடிப்பது.

என்ன டெஸ்ட் எடுப்பார்கள்? ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் அவசியமா?

தெளிவான சளி, இருமல் இருந்தால் எந்த டெஸ்டும் வேண்டாம். ஸ்ட்ரெப் சந்தேகம் இருந்தால் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துச் செய்யும் பரிசோதனைதான் சரியானது. உடனடி டெஸ்ட் சில நிமிடத்தில் முடிவு சொல்லும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) என்றால் ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை இப்போது தொண்டையில் கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அந்தக் கிருமி முன்பு வந்துபோனதற்கான தடயத்தைத்தான் சொல்லும். தொற்று வந்து மூன்று வாரத்துக்குப் பிறகே அது உச்சத்துக்குப் போகும். பள்ளி வயதில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 200 என்ற எல்லையைத் தாண்டி இருப்பது சர்வசாதாரணம். ‘ஏ.எஸ்.ஓ. 400, இதயத்தைப் பாதிக்குமா’ என்று தூக்கத்தைத் தொலைக்கும் பெற்றோர் நிறையப் பேர். மூட்டு வீக்கமோ இதயத்தில் மாற்றமோ இல்லாமல் அந்த எண் மட்டும் எதையும் நிரூபிக்காது.

இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. பிறகும் 10 நாள் ஆன்டிபயாடிக் எதற்கு?

ஸ்ட்ரெப் தொண்டை வலியை உடம்பே ஒரு வாரத்தில் ஆற்றிவிடும். மருந்து அந்த வலிக்காக மட்டும் இல்லை. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியோடு சண்டை போட்ட நம் எதிர்ப்பு சக்தியே சில பிள்ளைகளின் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும். ருமாட்டிக் காய்ச்சல் இதுதான். முழங்காலில் வீக்கமும் வலியும் வரும், அது சரியாகும்போது கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று இடம் மாறும். மூட்டுகள் தழும்பில்லாமல் ஆறிவிடும், வால்வு ஆறாது. பல வருடம் கழித்து, கல்யாணமாகி முதல் பிரசவ நேரத்தில் மூச்சு வாங்கும்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும் பெண்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில்.

எல்லாருக்கும் இது வராது, சிகிச்சை பெறாதவர்களிலும் சிலருக்குத்தான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால்தான் கிருமியைத் தொண்டையிலிருந்து முழுதாகத் துடைக்க 10 நாள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் இதைத் தடுக்கலாம். ஆகவே கல்ச்சர் முடிவுக்காக இரண்டு நாள் காத்திருப்பதில் ஆபத்தில்லை. ஸ்ட்ரெப்புக்குப் பழைய பென்சிலினும் அமாக்ஸிசிலினும் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன. விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து என்று இல்லை.

பத்து நாள் தவறுவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை, பாட்டிலும் ஒரு காரணம். பொடியாக வரும் சிரப்பைக் கலக்கிவிட்டால் பொதுவாக ஏழு நாள்தான் தாங்கும். அந்த பாட்டில் தீர்ந்ததும் ‘கோர்ஸ் முடிந்தது’ என்று தோன்றிவிடும். இரண்டாவது பாட்டிலை முதலிலேயே வாங்கி வையுங்கள், ஆனால் அப்போதே கலக்காதீர்கள். கலக்கும்போது பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, காய்ச்சி ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். நுரையோடு அளந்தால் நீர் குறைந்து மருந்து திக்காகிவிடும்.

இன்னொரு பின்விளைவு சிறுநீரகத்தில். தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காலையில் கண் இமை வீங்கி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுவார்கள்.

மருந்துக் கடையில் சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் என்ன?

வைரஸாக இருந்தால் பயனில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஸ்ட்ரெப்பாக இருந்தால் அரைகுறை. இரண்டு வழியிலும் நஷ்டம். அண்ணனுக்குப் போன மாதம் கொடுத்து மீந்த பாட்டிலைத் தங்கைக்குக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது?

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. கணக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து.

கவனிக்க வேண்டியது பாட்டிலில் உள்ள சக்தி. 5 மி.லி.க்கு 120 மி.கி., 5 மி.லி.க்கு 250 மி.கி., சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. தேவை. அது 120 சிரப்பில் 7.5 மி.லி., 250 சிரப்பில் 3.6 மி.லி., சொட்டு மருந்தில் 1.8 மி.லி. டாக்டர் 120-ஐ மனதில் வைத்து 7.5 மி.லி. என்று எழுத, கடையில் ஸ்டாக் இல்லை என்று 250 கொடுத்தால், குழந்தைக்கு இரண்டு மடங்கு போய்விடும். ‘ரெண்டும் அதேதான்மா’ என்று கடைக்காரர் சொன்னாலும் லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபூர்வ நோயைக் கிளப்பக்கூடும்.

இருமல் சிரப் கொடுக்கலாமா?

வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்து, குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பும் சின்னக் குழந்தைகளின் இருமலைக் குறைப்பதாகத் தெரியவில்லை. தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

கை வைத்தியத்தில் எதெல்லாம் சரி?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது நல்லது, துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு. ஒரு வயதுக்கு மேல் ஒரு ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும்; ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் பச்சிளம் குழந்தையின் தசைகளை முடக்கும். மிளகு ரசம், மஞ்சள் தூள் போட்ட பால், கற்பூரவள்ளிச் சாறு இவையெல்லாம் பிள்ளை விரும்பிக் குடித்தால் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

ஆவி பிடிக்க வைப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோவதுதான் நடக்கிறது. கற்பூரம் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தேய்க்காதீர்கள், கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். கழுத்தில் சுண்ணாம்பு தடவினால் தோல் வேகும்.

உள்நாக்கு விழுந்துவிட்டது என்று விரலில் உப்பும் மிளகும் தொட்டு அழுத்தி விடுவது, தொக்கம் எடுப்பது இரண்டையும் பற்றிப் பாட்டிமார்களோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் வீங்கி மூச்சுக்குத் திணறும் தொண்டைக்குள் ஒருவர் விரலை விடுவது மருத்துவமனையில்கூட யோசித்துச் செய்யும் காரியம். அதைக் குழந்தைக்குச் செய்ய விடாதீர்கள்.

ஐஸ்கிரீம் சாப்பிட்டதால்தான் வந்ததா?

கிருமிதான் காரணம், குளிர்ச்சி அல்ல. வலிக்கும் தொண்டைக்குக் குளிர்ந்த பண்டம் இதமாகக்கூட இருக்கும். தள்ளுவண்டியில் அசுத்தமான தண்ணீரில் செய்த ஐஸ் வேறு விஷயம்.

எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

ஸ்ட்ரெப் என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கி ஒரு நாள் முடிந்து, காய்ச்சலும் விட்டிருக்க வேண்டும். வைரஸ் என்றால் காய்ச்சல் விட்டு, பிள்ளை பழையபடி சாப்பிடத் தொடங்கியதும். கை கால் வாய் நோயில் புதுக் கொப்புளம் வருவது நிற்கட்டும். தண்ணீர் பாட்டில், ஸ்பூன், துண்டு தனியாக இருக்கட்டும். வீட்டில் வலியில்லாத மற்றவர்களுக்கு முன்கூட்டி மருந்து வேண்டாம். நூறு பள்ளிப் பிள்ளைகளில் பத்துப் பேர் தொண்டையிலாவது ஸ்ட்ரெப் எந்தத் தொல்லையும் தராமல் சும்மா தங்கியிருக்கும்.

மாதா மாதம் வருகிறதே, டான்சிலை எடுத்துவிடலாமா?

எல்.கே.ஜி. சேர்ந்த முதல் வருடம் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது எதிர்ப்பு சக்திக் குறைவு அல்ல. டான்சில் நாலு முதல் எட்டு வயதில் இயல்பாகவே பெரிதாக இருந்து, பிறகு தானே சுருங்கும். பெரிதாக இருப்பதே எடுக்கக் காரணம் ஆகாது.

டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: காய்ச்சலோ நெறியோ சீழோ சேர்ந்து வந்த உண்மையான டான்சில் தொற்று ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் ஆண்டுக்கு மூன்று முறை. இதற்குக் குறைவாக இருந்தால் பொறுத்துப் பார்ப்பதே மேல். ஒவ்வொரு முறையும் தேதியையும் டாக்டர் பார்த்து எழுதியதையும் ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் எண்ணினால் சளியெல்லாம் டான்சிலாகிவிடும்.

எண்ணிக்கை பார்க்காமல் எடுக்கச் சொல்லும் காரணமும் உண்டு. பிள்ளை தினமும் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழித்து, பகலில் தூங்கி வழிந்தால், டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் வழியை அடைக்கின்றன. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வலி இருக்கும், காதுக்கும் பரவும். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளைப் படலம் படிந்து வாய் நாறும். அது சீழ் அல்ல, ஆறுகிற புண்ணின் பொருக்கு. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்தப் பொருக்கு உதிரும்போது ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம், அதனால் அந்த வாரத்தில் வெளியூர்ப் பயணம் வைக்க வேண்டாம். முறுக்கு, தட்டை, சிப்ஸ் வேண்டாம். இட்லி, தயிர்சாதம், ஐஸ்கிரீம் எல்லாம் சரி. வலிக்கிறது என்று விழுங்காமலே இருந்தால் வலி கூடத்தான் செய்யும், ஆகவே வலி மருந்தைக் கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வையுங்கள். புதிதாகச் சிவப்பு ரத்தம் துப்பினால், அளவு கொஞ்சமாக இருந்தாலும், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அந்த நேரமே போங்கள்.